வண்ணக்கர் குடி கூப்பிட்ட காலை

ஷெல் விழுகிறது. வட்டைக்குள், எங்கள் வயல்களில். முதலில் தூரத்தில் 'டும்'. பிறகு சீழ்க்கை. சீழ்க்கை நின்றால் குப்புற விழ வேண்டும். விழுகிறேன். வாய்க்குள் மண். அம்மா என் பின்கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறாள். ஓடுகிறோம்.

மாசி மாதம். விடிந்து கொஞ்ச நேரம். எனக்கு ஒன்பது வயது.

துறையில் மூன்று தோணிகள்தான் மிச்சம். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போக எங்களுக்கு வேறு வழி இல்லை. எல்லாரும் ஒன்றாய்ப் பாய்ந்தார்கள். ஒரு தோணி கவிழ்ந்து உடைந்தது. இப்போது இரண்டு.

அப்போது வண்ணக்கரின் குரல்.

"நில்லுங்க! குடி கூப்பிடுறன்!"

வண்ணக்கர் பூசகர் இல்லை. வயல் செய்கிறவர். கோயிலை நடத்துகிறவர். திருவிழா முடிவில் தாய்வழிக் குடிகளை ஒவ்வொன்றாய் அழைப்பார். அழைத்த குடிதான் முன்னே போய்க் காளாஞ்சி வாங்கும். வெற்றிலை, பழம், அதோடு வரும் மரியாதை. முதற்குடி அவருடையது. கடைசிக் குடி எங்களுடையது. எங்கள் முறை வரும்போது பழம் நசிந்திருக்கும்.

கூட்டம் நின்றது. அந்தக் குரலுக்கு நின்று பழகிய கால்கள்.

"இப்பயும் காளாஞ்சியா, வண்ணக்கரே?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்களைக் கடைசியாய்த்தான் கூப்பிடுவார். அதற்குள் தோணி இருக்காது. இங்கேயே சாகப் போகிறோம். எனக்கு மூத்திரம் போய்விட்டது.

எங்கள் குடியின் பேரைக் கூப்பிட்டார். முதலில்.

அம்மா அசையவில்லை. நம்பவில்லை.

"உன்னைத்தான்கா புள்ள. ஏறு."

ஏறினோம். மறுபடி சீழ்க்கை. வாவித் தண்ணீர் எழுந்து எங்கள்மேல் விழுந்தது.

வாவி அந்த இடத்தில் ஒடுக்கம். அக்கரையில், சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்ணாமரங்களுக்குள் பதுங்கியிருக்கிறேன். தோணிகள் திரும்பிப் போகின்றன. அவர் கூப்பிடுவது கேட்கிறது. கீழிருந்து மேலாய். அடுத்த குடி. அதற்கடுத்த குடி. துறையில் ஒரு குடிதான் மிச்சம். வெறுந்தோணிகள் நடு வாவியில்.

டும்.

சீழ்க்கை துறைக்கு மேலே நின்றது.

அந்தக் குடியின் பேரை அவர் கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டமும் எடுத்தேன். எழுத என் வீட்டில் வேறு ஆள் இல்லை. எழுதுகிறேன்.

எங்களுக்குப் போனவை: வீடு. இரண்டு மாடு. விதைநெல். கடைசிக் குடியில் இறந்தவர் ஒருவரும் இல்லை. முதற்குடியில் பதினொரு பேர். அதில் வண்ணக்கரின் தங்கச்சி. அவளுடைய இரண்டு பிள்ளைகள். வண்ணக்கர்.