மாமியார் எழுதிய முத்தம்

தாம்பரத்தில் காலை வண்டி கிளம்பியதும், பெண்கள் பெட்டியில் என் எதிர் சீட்டிலிருந்து ஒரு குரல்.

“தொடர்கதை நான்தான் எழுதறேன் ஸ்டெல்லா. முத்தம் மட்டும் எங்க மாமியார்.”

நான் படித்துக்கொண்டிருந்த வாரப் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். சொன்னவள் மடியில் பரீட்சைப் பேப்பர் கட்டு வைத்திருந்த டீச்சர்; பக்கத்தில் அவள் தோழி ஸ்டெல்லா.

“ஏய், அவங்க சர்ச்சில சண்டே ஸ்கூல் எடுக்கறவங்கடி!”

“என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அவங்கதான் ஃபேர் காப்பி எடுத்துத் தபால்ல போடுவாங்க. நான் ‘மழை பிடித்துக்கொண்டது, விளக்கு அணைந்தது, தொடரும்’னு முடிச்சேன். பத்திரிகையில பார்த்தா அவன் அவளை இழுத்து அணைச்சு முத்தம் குடுத்திருக்கான்!”

“எடிட்டர் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாரே! இதுக்கு முன்னாடி என் கதையெல்லாம் திருப்பி அனுப்பிட்டிருந்த மனுஷன், ‘இப்பத்தான் உங்களுக்கு எழுத்து கைவந்திருக்கு’ன்னு எழுதியிருக்கார்.”

“மாமியாரைக் கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேன். ‘உன் ஹீரோ என் பிள்ளையாட்டமே மரமா நிக்கிறாம்மா, பாவம் அந்தப் பொண்ணு’ன்னாங்க.”

ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் குரோம்பேட்டையில் இறங்க மறந்தாள்.

“அதோட விட்டாங்களா? கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, ‘என் பிள்ளையோட அப்பா அப்படி இல்ல’ன்னாங்க.”