ஜெனிஸ்டன் வாறான்

இல்லை அண்ணை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். கையிலை வேலை கிடந்தால் காது அடைச்சுப் போகுமே? கிரேக்கத்திலை ஜெயிலுக்கை இருக்கிறான், உயிரோடை இருக்கிறான், ஜெனிஸ்டன் எண்டு பேர் சொன்னவன், அப்பா பேனாட் எண்டு என்ரை பேரையும், பலெர்மோவிலை வேலை செய்யிறார் எண்டும் சொன்னவன். எல்லாம் விளங்கினது, இன்னொருக்காச் சொல்லத் தேவையில்லை. முதல்ல உந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ. மூச்சு வாங்குது உங்களுக்கு. பஸ்ஸாலை இறங்கி ஓடியே வந்தனீங்கள்? பேரப்பிள்ளை கண்ட மனிசன் மொண்டெல்லோ கடற்கரை வழிய ஓடினால் பாக்கிற சனம் என்ன நினைக்கும், ஏர்னஸ்ற் அண்ணை?

கொஞ்சம் மெல்லக் கதைப்பம். மேலை இஞ்செஞேரே, என்ரை முதலாளி எஞ்சினியர், சாப்பிட்டுப்போட்டுப் படுத்திருக்கிறார். கிழவனை மத்தியானத்திலை எழுப்பினமெண்டால் பின்னேரம் முழுக்க என்னோடைதான் கொளுவுவார்.

உதிலை கை வையாதேங்கோ. இல்லையில்லை, கோவிக்கேல்லை. இப்பதான் அளவு வைச்சனான், கை பட்டால் அசைஞ்சு போடும். உது கோது வெட்டுற மெசின். இவர் காட்டுப்பண்டி சுடப் போறவர் எல்லோ, சுட்ட ரவையின்ரை கோதை எறியவிடமாட்டார். பொறுக்கிக்கொண்டு வந்து திருப்பி மருந்து போட்டு, புதுச் சன்னம் வைச்சு, இன்னொருக்காச் சுடுறது. கடையிலை வாங்கிறதை விடத் தான் செய்யிறதுதான் நேராப் போகுமாம். முந்தி எல்லாம் தன்ரை கையாலைதான் செய்தவர். இப்ப கை நடுக்கம், கோப்பிக் கோப்பையும் பிடிக்கேலாது. அதாலை வீட்டுவேலைக்கு வந்த நான் ரவை வேலையும் பழகினன். சுடேக்கை மட்டும் தனக்குக் கை நடுங்காது எண்டுறார். அதைப் பண்டியளிட்டைத்தான் கேக்கவேணும்.

என்ரை மனிசி எமிலியானா இதைச் சொல்லிச் சொல்லி நக்கலடிக்கிறவ. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரிலை, பேசாலையிலை, வள்ளத்தையும் வலையையும் விட்டிட்டு ஓடி வந்த மனிசன், இஞ்சை வந்து துவக்குக்குத் தீன் அவிக்கிறார் எண்டு.

என்ன? ஓம், விளங்கினது, நாளைக்குக் காலமை. என்ரை பெர்மெஸ்ஸோ விசாவையும் கொண்டு உங்கடை பாதரோடை லோயரிட்டைப் போகவேணும், என்ரை மகன்தான் எண்டு நான் கையெழுத்து வைச்சால் அவனை இஞ்சை எடுக்கலாம். வைக்காட்டி நேரை கொழும்புக்கு ஏத்திப்போடுவாங்கள். நான் வரமாட்டன் எண்டு சொன்னனானே? இந்தக் கோதுகளை ஒருக்கா ஒழுங்காக்கிப்போட்டுக் கதைப்பம். வியாழக்கிழமை தோழர்மாரோடை மலைக்குப் போறாராம், அதுக்குள்ளை முடிக்கவேணும்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? சந்தோசமில்லையோ எண்டோ? இருங்கோ அண்ணை. கோப்பி போடட்டே? சரி, வேண்டாமெண்டால் விடுங்கோ.

இஞ்சை பாருங்கோ, உங்களுக்கும் விளங்கும். வெடிக்கிற சூட்டிலை இந்தப் பித்தளை ஒவ்வொருக்காலும் கொஞ்சம் கொஞ்சமா நீளுது. இந்தக் கழுத்துப் பக்கம். கண்ணுக்குத் தெரியாது, காலிப்ரோவாலை அளந்தால்தான் தெரியும். நீண்டதை அப்பிடியே துவக்குக்கை போட்டால் வாய் போய் இறுகும், சன்னம் கழண்டு போகாமல் நிக்கும், பேந்து சுடுற ஆளின்ரை முகத்திலைதான் வெடிக்கும். அதுக்குத்தான் வெட்டுறது. கோதின்ரை அடியை இந்தப் பக்கம் இறுக்கவேணும். உந்த ஊசி கழுத்துக்குள்ளை போகவேணும், ஆடக்கூடாது, இறுகவும் கூடாது. வெட்டுற பல்லு வாயிலை தொட்டு நிக்கேக்கை இந்த வளையத்தைத் தள்ளிக்கொண்டு வந்து திருகாணியை இறுக்கிறது. அந்த வளையம் முட்டினால் அதுக்கு மேலை வெட்டாது. முதல் கோதை வெட்டி, அளந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு நீளப் பக்கத்திலை இருந்துதான் வரவேணும். அவசரப்பட்டுக் கூட வெட்டினால் அந்தக் கோது குப்பைதான், ஒட்டேலாது. முதல் ஒண்டு சரிவந்துதெண்டால் மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். பேந்து உள்ளையும் வெளியிலையும் பிசிர் எடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கிண்ணத்துக்கை கிடக்கிறதோ? அது கட்டையாப் போனது. ஓம், நான்தான். இவ்வளவு காலமும் ஒண்டும் பழுதாக்கினதில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமையோடை எல்லாம் பிழைச்சுப்போச்சு. அளவு வைக்கிறன், நிக்குதில்லை. கிழவனுக்கு இன்னும் சொல்லேல்லை.

ஓம், அவன் ஏறி வந்த கப்பலைப் பற்றி எனக்கும் தெரியும். பெரிசிலை இருந்து சின்ன வள்ளத்துக்கு ஆக்களை இறக்கேக்கை காத்து மாறி, சின்னது கவிண்டது எண்டுறாங்கள். மிச்ச ஆக்களைக் கொண்டுபோய்க் கிரேக்கத்திலை தள்ளிப்போட்டுப் போட்டாங்களாம். மார்கழிக் கடல் அண்ணை. நான் கடல்லை பிறந்து வளந்தவன், என்ரை வள்ளத்தை அப்பிடிக் காத்திலை ஒருநாளும் இறக்கியிருக்க மாட்டன். அவன் பதினெட்டு வயசுப் பெடியன், அங்கை விட்டால் ஒண்டில் ஆமி பிடிக்கும், இல்லாட்டி இயக்கம் பிடிக்கும் எண்டுதானே வெளியிலை எடுத்தனாங்கள். துவக்குக்குப் பயந்தனாங்கள், கடலுக்குப் பயப்பிடேல்லை. கடல் எங்கடை எண்டு நினைச்சம்.

எமிலியானாவுக்கு ஆர் சொல்லுறது? நான் பின்னேரம் போய்…

என்ன? சொல்லிப்போட்டோ வந்தனீங்கள்?

எப்ப? ஒரேத்தோவிலை அவ வேலை செய்யிற வீட்டுக்கோ போனனீங்கள்? முதல்ல என்னட்டையெல்லோ வந்திருக்கவேணும். இல்லை அண்ணை, குறை சொல்லேல்லை. நல்ல செய்தியைத் தாய்க்கு முதல்ல சொல்லவேணும் எண்டு நினைச்சிருப்பியள், ஆரும் அப்பிடித்தான் செய்வினம். என்ன சொன்னவ?

படியிலை இருந்து அழுதவவோ. வீட்டுக்காரச் சிஞ்ஞோராவும் கட்டிப்பிடிச்சு அழுதவவோ. லீவு குடுத்து விட்டவவோ. இப்ப எங்கை? சந்தைக்கோ? எதுக்கு?

மகனுக்குக் கம்பளிச் சட்டை வாங்கவோ.

என்ரை மாதாவே.

இல்லை, ஒண்டுமில்லை. பொறுங்கோ. தண்ணி வேண்டாம். இந்தத் திருகாணியை ஒருக்கா இறுக்கிறன். சாவி எங்கை… இஞ்சை கிடக்கு. கையிலை வைச்சுக்கொண்டுதான் தேடுறன்.

அண்ணை, எனக்கு ஒரு போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. கிழவன் மகள் வீட்டுக்குப் போட்டார், நான் இதிலை இருந்து இதே வளையத்தைத்தான் தள்ளிக்கொண்டிருந்தனான், உந்தச் சுவரிலை கிடக்கிற போன் அடிச்சது. எங்கடை வீட்டிலை போன் இல்லாததாலை இந்த நம்பரைத்தான் ஜெனிஸ்டனிட்டைக் குடுத்து விட்டனாங்கள். எடுத்தன். தமிழ்க் குரல். ஐயா, நீங்கள் ஜெனிஸ்டன்ரை அப்பாவோ எண்டு கேட்டுது. ஓம், ஜெனிஸ்டனோ, மகனே, எங்கை நிக்கிறாய் எண்டு நான் கத்தினன்.

ஐயா, நான் ஜெனிஸ்டன் இல்லை எண்டான்.

யசிந்தன் எண்டு பேராம். சாவகச்சேரிப் பக்கத்துப் பெடியன், சைவக்காரர். கப்பலிலை ரெண்டுபேரும் பக்கத்திலை பக்கத்திலைதான் படுத்தவங்களாம். எங்கடை பெடியன் இந்த நம்பரை மறந்துபோடுவன் எண்ட பயத்திலை சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினவனாம், கேட்டுக் கேட்டு யசிந்தனுக்கும் பாடமாப் போட்டுது. இறக்கேக்கை என்ரை பிள்ளை முதலே சின்ன வள்ளத்துக்கு இறங்கிப்போட்டானாம். கடல் தெரிஞ்ச பெடியன் எல்லோ. கீழை நிண்டு ஒவ்வொருத்தராக் கையிலை பிடிச்சு இறக்கினவனாம், பயப்பிடாதேங்கோ, அலை எழும்பேக்கை காலை வையுங்கோ எண்டு சொல்லிச் சொல்லி. யசிந்தன் மேலை நிண்டு தன்ரை முறையைப் பாத்துக்கொண்டு நிண்டவன். அவன்ரை கண்ணுக்கு முன்னாலைதான் கவிண்டது. கயிறு எறிஞ்சவங்களாம். ஒருத்தரும் பிடிக்கேல்லையாம்.

அழாதேங்கோ அண்ணை. நீங்கள் அழுதால் நானும் அழவேண்டி வரும், கிழவன் எழும்பி வந்திடும்.

ஓம், அவன்தான் அந்தப் பேரைக் குடுத்தது. ஜெயிலிலை பேர் கேக்க, பலெர்மோவிலை தகப்பன் இருக்கிற ஆளின்ரை பேரைச் சொன்னால் திருப்பி அனுப்பமாட்டினம் எண்டு நினைச்சுச் சொல்லிப்போட்டானாம். ஐயா, மன்னிச்சுக் கொள்ளுங்கோ, நீங்கள் இல்லையெண்டு சொன்னால் நான் செத்தன் எண்டு அழுகிறான். கொழும்பிலை இறங்கின உடனை பிடிப்பாங்கள், அது எனக்குத் தெரியாதே?

கோவம் வந்ததுதான், ஏன் வராது? அறுந்துபோவானே, என்ரை பிள்ளையின்ரை சாவையும் களவெடுத்துப்போட்டியே எண்டு வாய்மட்டும் வந்தது. அப்பதான் அவன் சொன்னான், அங்கை ஒரு பாதர் வந்து ஜெபம் பண்ணச் சொன்னவராம், இவனுக்குச் சிலுவை போடத் தெரியேல்லை, வலக்கையோ இடக்கையோ எண்டு தெரியாமல் திருநீறு பூசிறமாதிரி நெத்தியிலை இழுத்துப்போட்டானாம். பாதர் ஒருமாதிரிப் பாத்தவராம். ஐயா, சிலுவை எப்பிடிப் போடுறது எண்டு என்னட்டைக் கேக்கிறான்.

நான் என்ன செய்ய? சொல்லிக் குடுத்தன். நெத்தி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். பரலோக மந்திரம் சொல்லிக் குடுத்தன், போனுக்குள்ளாலை திருப்பிச் சொன்னான். தாயின்ரை பேர் எமிலியானா. கோயில் பேசாலை வெற்றிமாதா கோயில். பிறந்தநாள் கேப்பாங்கள், அதையும் சொன்னன். சின்னனிலை மீன் குத்திற மண்டாக் குத்தி இடக்காலிலை தழும்பு எண்டு சொல்லிப்போட்டுத்தான் யோசிச்சன், இவனுக்குத் தழும்பு இல்லையே எண்டு. அப்ப அதைச் சொல்லாதை எண்டன். என்ரை பிள்ளையின்ரை முழுக் கதையையும் ஒரு பிறத்தியானுக்குப் பாடமாக்கிக் குடுத்தன், அண்ணை. சொல்லி முடிச்சு ஜெனிஸ்டன், கவனமா இரு எண்டன். ஓம் அப்பா எண்டு சொன்னான். போனை வைச்சிட்டு வந்து இந்த மெசினைப் பிடிச்சன், வளையம் எங்கையோ போட்டுது.

எமிலியானாவுக்குச் சொல்ல வாய் வரேல்லை. நேற்றுச் சொல்லுவம், இண்டைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன். அதுக்குள்ளை நீங்கள் முந்திப்போட்டியள். உங்களிலை பிழையில்லை, உங்களுக்கு என்ன தெரியும்.

கையெழுத்து வைப்பன். அதிலை மாற்றமில்லை. அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறா, குகனேஸ்வரியாம் பேர். இவன் பேரை மாத்தினதாலை கடலோடை போன ஆக்களிலை யசிந்தனும் ஒருத்தன் எண்டுதான் அங்கை செய்தி போயிருக்கும், அந்த மனிசி இப்ப சாவீடு கொண்டாடும். ஆள் விட்டு ரகசியமாச் சொல்லவேணும், அதுக்கும் ஒரு வழி பாருங்கோ. ஒரு தாயெண்டாலும் மகன் உயிரோடை எண்டு கேக்கட்டும்.

இப்பவே போறன் எமிலியானாவிட்டை. சந்தையிலை நிப்பா, சட்டை வாங்கிறதுக்கு முதல் பிடிக்கவேணும். என்னெண்டு சொல்லப்போறன் எண்டு தெரியாது. பாவம், அவதான் இதிலை பட்டுப்போவா. அவ கறுப்பு உடுக்கேலாது, வாய்விட்டு ஒப்பாரி வைக்கேலாது. அவன் வந்து இறங்கேக்கை பொலிசுக்கு முன்னாலை கட்டிப்பிடிச்சு என்ரை ராசா எண்டு அழவேணும். அழுவா. அதுக்கு அவவுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. ஏலாது எண்டு சொன்னாலும் நான் அவவைக் குறை சொல்லமாட்டன், ஆனால் சொல்லமாட்டா, எனக்கு அவவைத் தெரியும்.

எழும்புங்கோ, ரெண்டுபேருமாப் போவம். உங்கடை மனிசிக்கும் சொல்லவேண்டாம், பாதருக்கும் சொல்லவேண்டாம். இந்த மேசை அப்பிடியே கிடக்கட்டும், கிழவன் ஏசினால் ஏசட்டும்.

ஒண்டு கேக்கவேணும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலை ஆர் ஆருக்காகச் செபிக்கவேணும் எண்டு நீங்கள்தானே கருத்து வாசிக்கிறனீங்கள்? அதிலை எனக்காக ஒண்டு சேர்த்து வாசியுங்கோ. கடலிலை இறந்த ஒரு மகனின்ரை ஆன்ம இளைப்பாற்றிக்காக எண்டு. பேர் வாசிக்கக் கூடாது, அண்ணை. அந்தப் பேர்க்காரன் எங்கடை வீட்டுக்கு வந்துகொண்டெல்லோ இருக்கிறான்.