கற்பூரக் கரி

விழுப்புரத்தில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் இருக்கையில் கேமராப் பெட்டியை மடியில் வைத்திருந்தவர் தன் மைத்துனரிடம் சொன்னார்.

“செத்தவங்க மூஞ்சிய நான்தான் தொடச்சி அழிச்சிட்டேன், மச்சான்.”

“இன்னா மாமா சொல்றீங்க?”

“பொணத்த நாற்காலியில ஒக்கார வெச்சி போட்டோ எடுக்கச் சொன்னாங்க. கற்பூரப் பொகையில லென்சு பூரா கரி. டர்பன்டைன ஊத்தித் தொடச்சேன்.”

“சுவத்துக்கு பெயின்ட் அடிக்கிறவன் ஊத்தறதயா? பஞ்சுல லேசா ஸ்பிரிட்ட தொட்டு ஒத்தினா போதுமே!”

“ஸ்பிரிட்டு தீந்துபோச்சி. சாயங்காலமே பொணத்த எரிச்சிட்டாங்க. பிளேட்ட கழுவிப் பார்த்தா வெறும் மூட்டம்.”

லென்சின் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பிசின் டர்பன்டைனில் கரைந்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு நுண்ணோக்கி அப்படித்தான் பாழானது.

“வேற போட்டோ இல்லியா?”

“இல்ல. கைக்கொழந்த கீது. அதுக்குக் காட்ட அம்மா மூஞ்சி வேணும்னு புருசன் அழுவறாரு. செத்தவங்க அப்பா காலுல விழுந்தேன். அக்கா ஜாடையிலயே ஒரு தங்கச்சி கீது. அதுக்கு மாலைய போட்டு, நெத்தியில காசு ஒட்டி, தாடையக் கட்டி, அவரே ஒக்கார வெச்சாரு. இரவல் கேமராவுல எடுத்தேன். திண்டிவனத்துல புருசன் கையில குடுக்கத்தான் போய்க்கினு இருக்கேன்.”

“புருசனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. வர்ற தையில அந்தப் பொண்ணயேதான் அவருக்குக் கட்டிவெக்கிறாங்க, கொழந்தைக்காக.”

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்று கிளம்பியது.

“பொண்ணு ஒண்ணுமே சொல்லலியா மாமா?”

“நான் பெட்டிய மூடின அப்புறமும் அசையாம இருந்திச்சி. ‘கண்ண தொறக்கலாமாண்ணே?’ன்னு கேட்டுச்சி.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“அவங்க அப்பாவப் பார்த்தேன்.”