திராட்சை ஐசும் சினை ஊசி கேனும்

15.11.2009 ஞாயிற்றுக்கிழமை மதியம் 1.40 மணிக்கு, என் கடையில் பதினோரு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் திலீபன், வயது 26, த/பெ சீனிச்சாமி. கம்பம், கம்பம்மெட்டு ரோட்டில் மாடியில் குடியிருந்து, கீழே சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். சமையலை யாரிடமும் படிக்கவில்லை. தெர்மாமீட்டர், தராசு, புத்தகம் இவற்றை வைத்து நானே பழகினேன். ஆட்டுக்கறியை 62 டிகிரி வெந்நீரில் பத்து மணி நேரம் வைப்பேன். திராட்சைச் சாற்றைத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பேன். கிறுக்கு வேலை என்பவர்களும் உண்டு. அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

கம்பத்தைச் சேர்ந்த விஜயபாண்டி, தன் மகள் தேவயானியைப் பெண் பார்க்க வரும் காமயகவுண்டன்பட்டிக்காரர்களுக்கு விருந்து வைக்க என் கடையைப் பிடித்தார். "புதுசா செய்யிப்பா, வந்தவுக அசந்து போகணும்" என்றார். அதன்படி முதலில் கறி பரிமாறினேன். அதன்பின் நைட்ரஜன் கேனை மேஜைக்குக் கொண்டுவந்து, பன்னீர் திராட்சைச் சாற்றில் நைட்ரஜனை ஊற்றிக் கிண்டி, அது முழுவதும் ஆவியாகிப் புகை அடங்கிய பிறகே ஐசைக் கிண்ணங்களில் வைத்தேன். பாதிப் பேர் மறுபடி கேட்டு வாங்கினார்கள்.

அதன்பின் மாப்பிள்ளையின் அத்தை முருகம்மாள் கேனை உற்றுப் பார்த்து, "ஏப்பா, எங்க பசுவுக்குச் சினை ஊசி போட வர்றவுக தூக்கிட்டு வர்ற கேனுல்ல இது?" என்றார். மாட்டு விந்து கெடாமலிருக்க அந்த வகைக் கேனில்தான் வைப்பார்கள். ஆகவே, "அதே மாதிரி கேன்தான், உள்ள இருக்கதும் அதே நைட்ரஜன்தான்" என்று உள்ளதைச் சொன்னேன். இது மதுரையில் வாங்கிய புதுக் கேன், விந்துக் குழாய் எதுவும் இதற்குள் போனதில்லை என்று அடுத்துச் சொல்வதற்குள் மூன்று பேர் வாசலில் வாந்தி எடுத்தார்கள். அதுவரை யாரும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் பிச்சைமணி, "பொண்ணு பாக்கக் கூப்பிட்டு எங்களுக்கு மாட்டு வைத்தியம் பாத்துட்டீக" என்று விஜயபாண்டியிடம் சொல்லிவிட்டு, தன் ஆட்களோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதன்பின் விஜயபாண்டி கேனை உதைத்தார். நைட்ரஜன் தரையில் ஓடியது. தேவயானியின் காலில் படாமல் அவருடைய நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். அப்போதும் தேவயானி கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்து, "நல்லாத்தான்ப்பா இருக்கு" என்று தன் அப்பாவிடம் சொன்னார்.

நான் வேண்டுமென்றே அசிங்கத்தைக் கலந்து சம்பந்தத்தைக் கெடுத்ததாக விஜயபாண்டி புகார் கொடுத்துள்ளார். இனி இந்த ஐசைச் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குவதாகவும், இல்லையென்றால் கடையைப் பூட்ட வைப்பதாகவும் ஸ்டேஷனில் சொன்னார். எழுதித் தர மாட்டேன். எழுதினால் கலந்ததாக ஒப்புக்கொண்டதாகும்.

இனி நான் செய்யப் போவது:

1. நசுங்கிய கேனையும் அதை வாங்கிய பில்லையும் இன்றே ஸ்டேஷனில் ஒப்படைப்பேன்.

2. பிரீசரில் மிச்சமிருக்கும் ஐசைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம். நானே அதைக் கேட்கிறேன்.

3. வேறு கேன் வாங்குவேன், அதே வகைதான். பெயின்ட் அடித்து மறைக்க மாட்டேன். இன்னது என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஊற்றுவேன்.

4. காமயகவுண்டன்பட்டிக்குப் போய், முருகம்மாள் தன் கையால் பிழிந்து தரும் சாற்றை அவர் வீட்டு வாசலிலேயே உறைய வைத்து, முதல் கிண்ணத்தை நான் சாப்பிடுவேன். இரண்டாவதைப் பிச்சைமணியிடம் நீட்டுவேன். அவர் வாங்கும்வரை, உருக உருகப் புதிதாகச் செய்வேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் நடந்தது. மாற்ற ஒன்றுமில்லை.

(ஒப்பம்) சீ. திலீபன்