பையில் வந்த பிரஷ்

துறைமுகம் போகும் டவுன் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் பையிலிருந்து ஒரு சின்ன பெயிண்ட் பிரஷை எடுத்துக் காட்டினாள்.

"வீட்ல வச்சா எங்க வீட்டுக்காரவுக எழுதிருவாவன்னு கையோட கொண்டு வந்துட்டேன்க்கா."

"என்னத்தளா எழுதப்போறாவ?"

"பேரத்தான். ரிட்டயர் ஆனதும் மறுபடியும் தோணி மாடல் செய்ய உக்காந்துட்டாவல்லா. நம்ம மவன் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோற தோணிய அச்சு அசலா சின்னதா செஞ்சிருக்காவ. பாய்மரம், கயிறு எல்லாம் முடிஞ்சிட்டு. கடைசியாத்தான் தோணி பேரு எழுதுவாவ."

"நல்ல விசயந்தான?"

"கல்யாணத்துக்கு முந்தி அவுக தம்பி போன தோணியயும் இப்படித்தான் செஞ்சாவளாம். பேரு எழுதி முடிச்ச வாரத்துல போன தோணி திரும்பவே இல்ல. அதோட விட்டவுகதான்."

"அது புயல்ல போயிருக்கும். மாடல் என்னளா செய்யும்?"

"அவுகளும் அதத்தான் சொல்லுதாவ. மவன் கரைக்கு வந்தப்புறம் எழுதுங்கன்னா சிரிக்காவ."

அவள் போன் அடித்தது. கணவரின் குரல் எனக்கே கேட்டது.

"ஏளா, பிரஷக் காணோம். தீக்குச்சிய வச்சே பேர எழுதிட்டேன். அழகா வந்திருக்கு, வந்து பாரு."

அவள் போனை வைத்துவிட்டு மகனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது.

"நடுக்கடல்ல டவர் எப்படிளா கிடைக்கும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஜன்னலோரம் இருந்தவள் மகனுக்கு மறுபடியும் அடித்தாள்.