கணவாய் தாண்டி மாத்திரை வாங்கிய கலிபா அக்காவுக்கு

நோயென்றால் நடுங்குவோர் நடுவே நகைமுகம் காட்டி நின்ற நங்கையே! பூட்டிய மனங்களைப் பொறுமையால் திறந்த பெருந்தகையே! கிர்கிஸ் மலையூராம் சாரி-கோலின் மனநல நிலையத்தில் தலைமைச் செவிலியாய் முப்பத்துநான்கு ஆண்டுகள் எங்களை ஆண்ட கலிபா அக்காவே! வணங்குகிறோம். திகைப்பு இன்னும் தெளியாமலேதான் வணங்குகிறோம்.

தங்கள் பணி ஓய்வுக்கென்று வியாழனன்று நாங்கள் எழுதிய வாழ்த்துமடல் இதுவன்று. அதில் அடுக்குமொழிக்குப் பஞ்சமில்லை. "பித்தர் நடுவே வாழ்ந்தும் பித்துத் தீண்டாத பெருமாட்டி" என்றும் ஒரு வரி இருந்தது. எழுதியவர்கள் யார்? மனநோய் இழிவன்று என்று ஊர் ஊராய்த் துண்டறிக்கை கொடுத்த நாங்களே! அன்று மாலைத் தேநீர் வேளையில் அதைத் தங்களுக்கு வாசித்தும் காட்டினோம்.

"அந்த வரிய அடிச்சிருங்க," என்றீர்கள். "நானும் அவங்கள்ல ஒருத்திதான். இருபத்தாறு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன்."

இடி விழுந்திருந்தாலும் அப்படி உறைந்திருக்க மாட்டோம். பதிவறைப் பெர்மெத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அரைக் கிண்ணம் ஊற்றினால் "இன்னும் இருங்கள்", தளும்ப ஊற்றினால் "எழுந்து போங்கள்" என்பது கிர்கிஸ் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அவள் கையோ தங்கள் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிவிட்டது!

"என்னடி, நாளைக்குத்தானே ஓய்வு? இன்னைக்கே விரட்டுறியே!" என்று சிரித்தீர்கள்.

"ஐயோ அக்கா, நான் வேணும்னு ஊத்தல!"

"தெரியும்டி. இங்க வர்ற நோயாளிங்களுக்கும் நீங்க யாரும் வேணும்னு நிறைச்சு ஊத்தறதில்லதான்."

சுருக்கென்று தைத்தது, அக்கா. மாதந்தோறும் தங்கையைப் பார்ப்பதாகச் சொல்லி, பனியிலும் கணவாய் தாண்டித் தலைநகர் பிஷ்கெக் போனீர்களே, அப்படியொரு தங்கை பிறக்கவே இல்லையாம்! அவளுக்கென்று நாங்கள் கொடுத்தனுப்பிய தயிருருண்டைகளை யார் தின்றார்களோ! மருந்தலமாரியின் சாவி தங்கள் இடுப்பில், தங்கள் மருந்து மட்டும் மலைக்கு அப்பால்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் தலைமை மருத்துவர்.

"சொல்லியிருந்தா, என்னைய ஊசி போட விட்டிருப்பீங்களா?"

இன்று அவையறியச் சொல்கிறோம்: விட்டிருக்க மாட்டோம். ஆயிரமாயிரம் பேரை ஆற்றிய கையை எங்கள் அச்சமே முடக்கியிருக்கும். வெட்கப்படுகிறோம்.

தங்கள் சம்பந்தி வீட்டார் அமர்ந்திருக்கும் அவையில் இதை வாசிக்கலாமா என்று தயங்கினோம். "வாசிங்க. மறைச்சு மறைச்சே களைச்சுப் போயிட்டேன்," என்றீர்கள். இதோ, ஒரு சொல்லும் குறையாமல் வாசித்துவிட்டோம்.

அஞ்சா நெஞ்சமே! இனி மாத்திரையை இங்கேயே, முன்வாசல் வழியே வந்து வாங்கி, நூறாண்டு நலமுடன் வாழ்க!

இங்ஙனம்,
நிலையப் பணியாளர்கள் பதினொருவர்.

பதினோராம் கையொப்பத்தின் அடியில், ஒப்பமிட்டவளே எழுதியது:
"நானும் நாலு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன், அக்கா. – பெர்மெத், பதிவறை."