அடுத்த படகுல ஏறிப் போகட்டும்!

...மூணுல ரெண்டு பங்கு வேணுமாம் தம்பி, மூணுல ரெண்டு! எவன் வச்ச கணக்கு இது? நூத்துக்கு அறுபத்திரெண்டு பேரு நம்ம நெவிஸ் தீவு தனி நாடாப் போகணும்னு ஓட்டுப் போட்டும் பத்தலையாம். எந்தப் படுபாவிங்க வேண்டாம்னு குத்துனாங்களோ, வெளங்குவாங்களா? படகு ஆடுது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தத் தூக்குச்சட்டிய வச்சிக்கிறேன். ஆட்டுக்கறிக் குழம்பு. மூடி லூசு, கால் பத்திரம்.

என்ன சொன்னேன்... ஆங், உரிமை! செயின்ட் கிட்ஸ், நெவிஸ்னு ரெண்டு தீவைச் சேத்து ஒரு நாடுன்னாங்க. சரி. பிடிக்கலேன்னா நெவிஸ் பிரிஞ்சு போகலாம்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. ஆனா கிளம்புனா கதவைச் சாத்துறாங்க! செயின்ட் கிட்ஸ்லேருந்து நமக்கு உருப்படியா ஏதாவது வந்திருக்கா, சொல்லுங்க? எனக்கு வந்தது எம் புருஷன் ஒருத்தன்தான்.

ஓஸ்வின்னு பேரு. கல்யாணம் ஆனதுலேருந்து நெவிஸ்ல, நம்ம சார்ல்ஸ்டவுன்லதான் இருக்காரு. ஆனா புத்தி அங்கதான! சீமைப்பலாவைச் சுட்டுக்கிட்டே கேக்குறாரு, "எர்மின், ரெண்டுல ஒண்ணு போயிட்டா மிச்சத்துக்குப் பேரு நாடா?" "போறவளுக்கு உரிமை இருக்குய்யா"ன்னேன். "இருக்கிறவனை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"ங்குறாரு. கேட்டீங்களா பேச்சை! தெனமும் அடுப்படியில பார்லிமென்ட்டு நடந்துச்சு தம்பி. பலாக்காய் கரிஞ்சதுதான் மிச்சம்.

இதுல கட்சிக்காரங்க வேற என்னைய மேடை ஏத்திவிட்டாங்க. மைக்கு கையில வந்தா எனக்கு... மைக்கு இல்லாமலே இப்படி, நீங்களே பாக்குறீங்கள்ல. கூட்டம் கைதட்டத் தட்ட வாய் தன்னால போகுது. "செயின்ட் கிட்ஸ்காரங்க அத்தனை பேரும் அடுத்த படகுல ஏறிப் போகட்டும்!"னுட்டேன். அடேயப்பா, என்ன கைத்தட்டல்! பாத்தா, முன்வரிசைல என் கைப்பையை மடியில வச்சிக்கிட்டு எம் புருஷன். எந்திரிச்சாரு. பையை நாற்காலில வச்சாரு. நெஜமாவே அடுத்த படகுல ஏறிப் போயிட்டாரு தம்பி! மேடையில பேசுறதை எல்லாம் ஒரு மனுஷன் காதுல வாங்குவானா? தெனமும் வெளையாடுற டாமினோ பெட்டியைக் கூட எடுத்துக்கல.

அதுக்கப்புறம் ஓட்டுப் போட்டு, எண்ணி, நாங்க தோத்தும் போயாச்சு. அதே நாடு, அதே கடல். வரவேண்டியதுதானே? செயின்ட் கிட்ஸ்ல, பாஸ்டேர்ல அவரு அக்கா வீட்டுல சட்டமா உக்காந்திருக்காரு. அந்த அக்கா வைக்கிற குழம்பு இருக்கே, கழனித்தண்ணி! மனுஷன் எளைச்சுருப்பாரு. நான் ஒண்ணும் கெஞ்சப் போகல, தெரிஞ்சுக்கங்க. குழம்பு மீந்துபோச்சு, அதான்... சேச்சே, அழுகையா? கடல்காத்து கண்ணுல படுது.

அதோ, எதிர்ல நம்ம ஊருக்குப் போற படகு வருது. வெயில்ல நின்னுக்கிட்டு எவன் அவன் நீலத் தொப்பி... அய்யய்யோ! ஓஸ்வின்! யோவ் ஓஸ்வின்! எங்கய்யா போற? என்னது... வீட்டுக்கா? உன்னைக் கூட்டியாரத்தான்யா நான் போய்க்கிட்டிருக்கேன்! சாவி பக்கத்து வீட்டுல இருக்கு! என்னது, சத்தமாச் சொல்லு! வெளிநாட்டுக்காரனை உள்ள விடுவியாவா? அட கூறுகெட்ட மனுஷா, நீ வெளிநாட்டுக்காரனா ஆயிடக் கூடாதுன்னுதானேய்யா நான் வேண்டாம்னு குத்துனேன்! ஆமாய்யா, வேண்டாம்னு! நாந்தான்!

...என்ன, ஆளாளுக்கு என்னையே மொறைக்கிறீங்க? யாராவது போயி இந்தப் படகைத் திருப்பச் சொல்லுங்களேன். தம்பி, நீங்களாவது... தம்பி? இந்தப் புள்ள எங்க போயிடுச்சு?